தகுதி பெற்றாயிற்று, அழைப்பு எப்போது வரும்?

மாலை ஆறு மணிக்கு மேல் ஆய்வு நிறுவனங்களிலிருந்து மின்னஞ்சல் வராது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஆறு மணிக்குப் பிறகுதான் அவர் நிதானமாக உட்கார்ந்து டீ குடிக்கிறார். அதுவரை மனம் கைப்பேசியில்தான் இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த வானூர் பக்கம் ஒரு காலனி. வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் கீழே போய் நின்றால் இரண்டு கோடு தெரியும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பும், மாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவர் அங்கே நிற்கிறார். முதலில் இன்பாக்ஸ், பிறகு ஸ்பாம். பிறகு ஒன்பது நிறுவனங்களின் இணையதளங்கள். "தேர்வுப் பட்டியல் விரைவில் வெளியிடப்படும்" என்ற வரி மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார். மாறியிருக்காது.

அவருக்கு வயது 25. உயிர்மருத்துவ அறிவியலில் எம்.எஸ்சி. முடித்தவர். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நடத்தும் நெட் தேர்வை உயிரியல் பாடத்தில் எழுதி, இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தகுதியும் பெற்றிருக்கிறார். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு படித்த ஒருவர், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வினாத்தாள் வரும் ஒரு தேர்வில் இதைச் செய்திருக்கிறார். ஊரில் பிளக்ஸ் வைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் பேசினேன். பேசிவிட்டு வந்து, இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவர் இன்னும் எந்த ஆய்வகத்திலும் சேரவில்லை. முனைவர் பட்டத்துக்கான நேர்காணல் அழைப்புக்காகக் காத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பெயர் போட்டா, நாளைக்கு இன்டர்வியூ பேனல்ல இருக்கிறவங்க படிச்சிட்டா என்ன பண்றதுக்கா?" என்றார். இந்தக் காத்திருப்பு ஒருவரை எந்த அளவுக்குப் பயப்படப் பழக்குகிறது என்பதை அந்தக் கேள்வியில் பார்த்தேன்.

அப்பாவோடு போன ஆய்வகம்

அவருடைய அப்பா குவாரியில் கல் உடைத்தவர். காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, மறுபடி வேலைக்குப் போய், சில வருடங்களில் மறுபடி அதே நோயில் படுத்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சளி மாதிரி கொடுக்கப் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த மகள்தான் துணைக்குப் போவார். அங்கே இருந்த ஆய்வக நுட்புநர் ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் அவரைப் பார்க்கவிட்டிருக்கிறார். நீலப் பின்னணியில் சிவப்பாகச் சின்னச் சின்னக் குச்சிகள். "இதுதான் உங்கப்பாவப் படுத்தறது" என்றாராம் அவர்.

இன்றைக்கு அந்தப் பெண்ணின் ஆய்வுக் கேள்வி அங்கிருந்து வருவதுதான். கல்லுடைக்கும் தூசியில் இருக்கும் சிலிக்கா, நுரையீரலில் உள்ள மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்களைச் சிதைக்கிறது. காசநோய்க் கிருமி தங்கிப் பெருகுவதும் அதே செல்களுக்குள்தான். அதனால்தான் சிலிக்கா தூசியில் வேலை செய்கிறவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தூசியால் பழுதான அந்தச் செல்லுக்குள் கிருமி எப்படித் தப்பிப் பிழைக்கிறது, மருந்து முடித்த பிறகும் சிலருக்கு ஏன் திரும்ப வருகிறது என்பதைத்தான் அவர் ஆராய விரும்புகிறார். தமிழ் இலக்கியம் படித்த எனக்கு இதை அவர்தான் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். எங்கள் மக்கள் குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் சாக்கடைக்கும் அனுப்பப்படுவது சாதியால் என்று மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்த வேலை ஒரு செல்லுக்குள் என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

காசநோய் ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று அங்கு நடந்த ஆய்வு நிரூபித்தது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை முறையை மாற்றிய ஆய்வு அது. அதற்குத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள், நெரிசலான வீடுகளில் அரைவயிற்றோடு வாழ்ந்த சென்னையின் ஏழைகள்.

நோயாளியாக ஆய்வகத்துக்குள் போவதற்கு ஏழைகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வாளராகப் போக வேண்டுமென்றால்தான் இத்தனை காத்திருப்பு.

உதவியெல்லாம் கதவுக்கு உள்ளேதான்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்குமே, என்ன கஷ்டம் என்பார்கள். 2023 ஜனவரி முதல் தொகை அதுதான். இரண்டு வருடம் கழித்து 42,000 ரூபாய். ஆனால் அது ஒரு நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்த நாளிலிருந்துதான் கிடைக்கும். சேராதவருக்கு அது கையில் ஒரு தாள் மட்டும். அந்தத் தாளுக்கும் காலக்கெடு உண்டு. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் காலாவதிதான். மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகையும் அப்படித்தான். எல்லா உதவியும் கதவுக்கு உள்ளே இருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்கும் காலத்துக்கு எதுவும் இல்லை. படிப்பு முடிந்ததும் ஆதிதிராவிடர் நல விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். பல்கலைக்கழக நூலக அட்டை செல்லாது. ஆய்விதழ்களைப் படிக்கும் வசதி போய்விடும்.

ஒன்பது நிறுவனங்களுக்கு விண்ணப்பித்ததில் அவருக்கு ஆன செலவு, விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் நகல், ஸ்கேன், பிரவுசிங் சென்டர் என்று எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாயைத் தாண்டியிருக்கிறது. பல இடங்களில் பட்டியல் சாதியினருக்குக் கட்டணச் சலுகை உண்டு. இருந்தும் அவ்வளவு. இப்போது அவர் வேலை பார்ப்பது திண்டிவனத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில். மாதம் 9,000 ரூபாய் சம்பளம். வேலை நேரத்தில் கைப்பேசியை மேசை டிராயரில் வைத்துவிட வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் திறந்து பார்க்க முடியும்.

"சம்பளம்கூடப் பரவாயில்லக்கா. லீவுதான் கஷ்டம். இன்டர்வியூன்னு சொல்லி லீவு கேட்டா, அப்போ நீ இங்க நிலைக்க மாட்டன்னு ஆளை மாத்திடுவாங்க. கூப்பிடுவாங்களான்னும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்காக இருக்கறதை விடறதா?"

அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அவருக்கு மின்னஞ்சல் என்பதெல்லாம் புரியாது. அழைப்பு என்றால் தபால்காரர் கொண்டுவருவது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து பார்க்கிறார். "லெட்டரு வந்துச்சா கண்ணு?" என்று மகளைக் கேட்பதை இப்போது நிறுத்திவிட்டார். கேட்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்கிறார் மகள்.

அழைப்புக்கு முன்பே நடக்கும் தேர்வு

நேர்காணலில்தான் தேர்வு நடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பாதித் தேர்வு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து பழக்கமுள்ள ஒரு பேராசிரியரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதன் சுருக்கம் இது.

இடங்கள் சில. விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில். எல்லோரையும் அழைக்க முடியாது. எனவே ஒரு வடிகட்டல் நடக்கும். நெட், கேட் போன்ற தேர்வு மதிப்பெண், பட்ட மதிப்பெண், எம்.எஸ்சி. ஆய்வுத் திட்டத்தை எந்த ஆய்வகத்தில் செய்தார், பரிந்துரைக் கடிதம் யார் கொடுத்தார், ஆய்வு நோக்கம் பற்றிய கட்டுரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். முதல் இரண்டும் எண்கள். மற்ற மூன்றும் எண்கள் இல்லை.

அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எம்.எஸ்சி. ஆய்வுத் திட்டம். பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ ஒரு பெரிய ஆய்வகத்தில் ஆறு மாதம் இருந்து செய்தால் அதற்குத் தனி மதிப்பு. பெரும்பாலும் அதற்குச் சம்பளம் கிடையாது. தங்குவதும் சாப்பிடுவதும் சொந்தச் செலவு. ஒரு பேராசிரியருக்கு எப்படிக் கடிதம் எழுதி வாய்ப்புக் கேட்பது என்று சொல்லித்தர வீட்டிலோ தெருவிலோ ஆள் வேண்டும். இவர் தான் படித்த கல்லூரியிலேயே செய்தார். அங்கே ஒரு புரதத்தை அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்கு வேண்டிய ஆன்டிபாடி வாங்கப் பணம் இல்லை. ஒரு சின்னக் குப்பி பல்லாயிரம் ரூபாய். இரண்டு வருடப் படிப்பில் அந்தச் சோதனையை இரண்டே முறைதான் செய்திருக்கிறார். இரண்டாவது முறை, காலாவதியான மருந்தை வைத்து.

பரிந்துரைக் கடிதம். இப்போதெல்லாம் கடிதத்தை மாணவர் கையில் தருவதில்லை. நிறுவனத்திலிருந்து பேராசிரியருக்கு இணைப்பு போகும், அவர் நேரடியாகப் பதிவேற்ற வேண்டும். ஒருவர் கடைசி நாள் வரை பதிவேற்றவில்லை. அவர் அறை வாசலில் மூன்று நாள் போய் நின்றிருக்கிறார். "உங்களுக்கெல்லாம் கவர்மென்ட் வேலையே ஈஸியாக் கிடைக்குமேம்மா, எதுக்கு இந்த ரிசர்ச்?" என்று கேட்டாராம். கடைசியில் பதிவேற்றினார். அதில் என்ன எழுதினார் என்று இவருக்குத் தெரியாது, தெரியவும் வராது.

ஆய்வு நோக்கக் கட்டுரை. முதல் படியில் அப்பாவின் கதையை எழுதியிருந்தார். குவாரி, சளிப் பரிசோதனை, மைக்ராஸ்கோப்பில் பார்த்த சிவப்புக் குச்சிகள். படித்துப் பார்த்த சீனியர் ஒருவர், "குடும்பக் கதை எழுதாதே, அனுதாபம் தேடுற மாதிரி இருக்கும்" என்று சொல்ல, எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய ஒன்றரைப் பக்கம். ஒரு டாக்டரின் மகள், தன் தந்தையின் மருத்துவமனையில் பார்த்த நோயாளியால் தூண்டப்பட்டேன் என்று எழுதினால் அது ஆர்வம். ஒரு கல்லுடைப்பவரின் மகள் தன் தந்தையே அந்த நோயாளி என்று எழுதினால் அனுதாபம் தேடுவதா?

இந்த வடிகட்டலில் எந்த விதியும் மீறப்படுவதில்லை. யாரும் யாரையும் சாதி சொல்லித் திட்டுவதில்லை. புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போக முடியாது. அழைப்பு வராது, அவ்வளவுதான். வராத மின்னஞ்சலை எந்த ஆணையத்தின் முன்பு ஆதாரமாக வைப்பது?

பன்னிரண்டு நிமிடம்

போன வருடம் அவருக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று ஸ்பாமில் விழுந்து கிடந்தது. மூன்று நாள் கழித்துப் பார்த்தார். வருகையை உறுதிசெய்ய வேண்டிய தேதி முடிந்திருந்தது. அந்த நாளிலிருந்துதான் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இரண்டு வேளை நிற்பது.

இன்னொன்றுக்குப் போனார். பன்னிரண்டு நிமிடம் நடந்தது. முதல் கேள்வி, எந்த ஊர். இரண்டாவது, அப்பா என்ன செய்கிறார். "குவாரியில வேலை செஞ்சாங்க" என்றதும் ஒரு சின்ன மௌனம். பிறகு வெஸ்டர்ன் பிளாட் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் அவருக்கு மனப்பாடம். ஆனால், "நீங்கள் செய்தபோது பின்னணி அதிகமாக வந்தால் எப்படிச் சரிசெய்தீர்கள்?" என்று கேட்டபோது பதில் இல்லை. இரண்டு முறை மட்டும் செய்தவருக்குச் சரிசெய்து பார்க்க ஏது வாய்ப்பு? பட்டியலில் பெயர் வரவில்லை. எத்தனை மதிப்பெண், எங்கே குறைந்தது என்று எந்தத் தகவலும் வரவில்லை.

ஊரும் அப்பாவின் தொழிலும் சாதாரண விசாரிப்பு என்று சொல்வார்கள். சொல்கிறவர்களுக்குச் சாதாரணம்தான். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு பற்றி விசாரிக்க 2006இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, விடுதி முதல் மதிப்பீடு வரை அங்கு பட்டியலின, பழங்குடியின மாணவர்கள் சந்தித்த வேறுபாட்டை அடுத்த ஆண்டே அறிக்கையாகக் கொடுத்தது. இந்தியாவின் தலைசிறந்த மருத்துவ அறிவியல் நிறுவனத்தைப் பற்றிய அறிக்கை அது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்களில் இருக்கும் வேறுபாட்டை ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் ஆராய்ந்து, வாய்மொழித் தேர்வின் பங்கைக் குறைக்கச் சொன்னதுண்டு.

ஆனால் விதிகள் போன திசை வேறு. 2016இல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதி, எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, நேர்காணலையே முடிவு செய்யும் இடமாக்கியது. எதிர்ப்புக்குப் பிறகு 2018இல் எழுத்துக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று மாற்றப்பட்டது. அந்த விதி அமலில் இருந்த காலத்தில்தான், 2017 மார்ச்சில், சேலத்துத் தலித் மாணவர் முத்துக்கிருஷ்ணன் டெல்லியில் உயிரிழந்தார். பலமுறை முயன்று ஜே.என்.யூ.வில் சேர்ந்தவர். ஆய்வுப் படிப்புச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று கடைசி நாட்களில் எழுதியவர். அவருடைய உடல் சேலத்துக்கு வந்தபோது நாங்கள் கோஷம் போட்டோம். அவர் எழுதியதை எத்தனை பேர் நிதானமாகப் படித்தோம்?

இப்போதும் ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கை நேர்காணலின் அடிப்படையில்தான். அதாவது, இருக்கும் எழுத்துத் தேர்வுகளிலேயே கடினமானதை வென்று வருகிறவருக்கு, அந்த வெற்றி வாசல் வரைதான் துணை வருகிறது. உள்ளே அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் எல்லாம்.

இதன் விளைவு கணக்கிலும் தெரிகிறது. 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் சுமார் 9 விழுக்காடு, பழங்குடியினர் சுமார் 2 விழுக்காடு. சட்டம் சொல்வது 15, 7.5.

சட்டத்தின் கடைசிப் பக்கம்

அந்தச் சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு தருவது 2006ஆம் ஆண்டின் சட்டம். அதன் 3ஆம் பிரிவு ஒதுக்கீட்டைத் தருகிறது. 4ஆம் பிரிவு சில நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. எந்த நிறுவனங்கள் என்பதைச் சட்டத்தின் முடிவில் உள்ள அட்டவணை சொல்கிறது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் ஆகியவை அந்த அட்டவணையில் உள்ளன. உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் எந்த மாணவரும் முதலில் எழுதிவைக்கும் பெயர்களில் சில இவை. இடஒதுக்கீட்டுக்குப் போராடிய நமக்கே இந்தக் கடைசிப் பக்கம் பெரிதாகத் தெரியவில்லை. மருத்துவக் கல்லூரி இடங்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஆய்வு இடங்களைப் பற்றி நாம் பேசவே இல்லை.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க உயிர்மருத்துவப் படிப்புகளுக்கு டிசம்பரில் விண்ணப்பம் முடியும். ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல். கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பல ஆயிரம் ரூபாய். 2025இல் அந்நாட்டு அரசு ஆராய்ச்சி நிதியில் கைவைத்தபோது, மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம், கொடுத்த சேர்க்கை வாய்ப்புகளையே திரும்பப் பெற்றது. அங்கும் காத்திருப்பு உண்டு. திரும்பிப் போக ஒரு வீடும் சேமிப்பும் இருக்கிறவர்களால் அதைத் தாங்க முடியும்.

என்ன கேட்கலாம்

இவரைப் போன்றவர்களுக்காக நாம் கேட்க வேண்டியவை பெரிய புரட்சி எதுவும் இல்லை. சாதாரண நிர்வாக நேர்மைதான்.

எத்தனை இடங்கள், அதில் எந்தப் பிரிவுக்கு எத்தனை என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். நேர்காணலுக்கு அழைத்தவர்களின் பட்டியலையும், எந்த மதிப்பெண் வரை அழைத்தார்கள் என்பதையும் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். அழைக்கப்படாதவருக்கும் ஒரு வரிப் பதில் போக வேண்டும். அழைப்புக்கும் நேர்காணலுக்கும் இடையே குறைந்தது பதினைந்து நாள் இருக்க வேண்டும். மின்னஞ்சலோடு குறுஞ்செய்தியும் அனுப்ப வேண்டும். சில நிறுவனங்கள் பட்டியலினத்தவருக்கு ரயில் கட்டணத்தைப் பிறகு திருப்பித் தருகின்றன. முதலில் டிக்கெட் வாங்கப் பணம் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? முன்பணமாகத் தரட்டும். தேர்வுக் குழுவில் பட்டியலின உறுப்பினர் இருக்க வேண்டும். நேர்காணல் மதிப்பெண்ணை அவரவருக்குத் தெரிவிக்க வேண்டும். 'தகுதியானவர் யாருமில்லை' என்று ஓர் ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாக விட்டால், அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

மாநில அரசு செய்யக்கூடியதும் இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். பெற்ற நாள் முதல் ஆய்வில் சேரும் நாள் வரை, அதிகபட்சம் ஒரு வருடத்துக்கு, ஒரு சிறு இடைக்கால உதவித்தொகை. அதுவரை விடுதியில் தங்க அனுமதி. மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி மேசை. ஆதிதிராவிடர் நலத்துறை குடிமைப்பணித் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பயிற்சி தருவதைப் போல, ஆய்வு நேர்காணலுக்கும் பயிற்சி தர முடியாதா?

மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும். உங்கள் நேர்காணல் மதிப்பெண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மத்திய நிறுவனங்களில் பட்டியலின, பழங்குடியினருக்கான தொடர்பு அலுவலர் உண்டு. அவருக்கு எழுதுங்கள். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு எழுதுங்கள். ஏற்கெனவே உள்ளே போன நம் அண்ணன்களும் அக்காக்களும் சிலராவது இருக்கிறார்கள். அவர்கள் ஆளுக்கொரு மாணவரின் கட்டுரையைப் படித்துத் திருத்திக் கொடுத்தாலே போதும், பாதிக் கதவு திறக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை, மணி ஐந்து நாற்பது. ஒன்பதில் ஒரு நிறுவனம் அழைத்திருக்கிறது. வெளிமாநிலம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வர வேண்டும். ரயிலில் எல்லா வகுப்பிலும் காத்திருப்போர் பட்டியல்தான். ஞாயிறு இரவு முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினால் திங்கள் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பரிசோதனை நிலையத்தில் காய்ச்சல் என்று சொல்லி லீவு கேட்கப் போகிறார். டிக்கெட்டுக்கும் தங்குவதற்கும் காலனி இளைஞர்கள் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்பா என்ன பண்றார்னு கேட்டா என்னக்கா சொல்லட்டும்?" என்று கேட்டார்.

குவாரியில் கல் உடைத்தார் என்று சொல், அதோடு நிறுத்தாதே, அந்தத் தூசி அவர் நுரையீரலில் என்ன செய்தது என்று எனக்குப் படம் போட்டுச் சொன்னாயே, அதை அப்படியே அவர்களுக்கும் சொல் என்றேன். சரிக்கா என்றார். கட்டுரையில் வெட்டிய அந்தப் பகுதியை மறுபடி எடுத்து, ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கப் போகிறாராம். இன்று இரவு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிற்க வேண்டியதில்லை.

அழைப்புக் கடிதத்தின் கடைசி வரியையும் படித்துக் காட்டினார். "முடிவுகள் பின்னர் இணையதளத்தில் அறிவிக்கப்படும்." எப்போது என்று தேதி இல்லை.